தோல் கோட்டுக்குள் இருந்த வட்ட எழுத்து

எழுபதுகளின் நடுவில் வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலை எஸ்டேட் மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். உலகப் போரில் விமானிகள் போட்டிருந்த தோல் கோட்டுகளைச் சேர்ப்பது அப்போது எனக்கு ஒரு கிறுக்கு. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போனதுதான் முதல் கோட்டு. அதைப் போட்டவன் எங்கே பறந்தான், உயிரோடு இறங்கினானா என்ற கேள்விகள் என்னை விடவில்லை.

மூன்றாவது, கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. எண்ணெய் தடவித் துடைத்தபோது முதுகுப் பக்கத்து உள்துணிக்கு அடியில் ஏதோ மொடமொடத்தது. தையலைப் பிரித்தேன். கைக்குட்டை அளவில் ஒரு பட்டுத்துணி. மற்ற வரிகள் ஈரம்பட்டு அழிந்து, வட்ட வட்டமாக நாலு வரி மட்டும் மிச்சமிருந்தது.

மலையாளம் என்று நினைத்துத் தபால்காரரிடம் காட்டினேன். "இது ஞங்ஙளுடெ எழுத்தல்ல சாரே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்த அக்கா பர்மாவிலிருந்து வந்தவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. துணியை நீட்டியதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"பர்மா எழுத்துதான் தம்பி" என்றவர், எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னார். "நான் விமானத்துல வந்தவன். ஒங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ய மாட்டேன். சோறு தண்ணி குடுத்து, ஒளிச்சு வச்சு, எங்க பட்டாளத்துக்கிட்டக் கொண்டுபோய் விடுங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விமானம் விழுந்தால் காட்டு ஊர்களில் காட்டி உயிர் தப்புவதற்கான துணி! இதை யாருக்காவது காட்டியிருப்பானா, சோறு கிடைத்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே போனேன். அக்கா துணியை மடித்தார்.

"ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ எனக்குப் பத்து வயசு. காட்டு வழியா நடந்தே வந்தோம். எந்தம்பி பாதி வழியிலயே போய்ட்டான். எங்களுக்கு இப்படி யாரும் எழுதிக் குடுக்கல."

தயங்கிக் கேட்டேன்.

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்கக்கா?"

"மலைச்சனங்க குடுத்தாங்க. அவங்க பேச்சு நமக்குத் தெரியாது. எங்கம்மா கையைக் குவிச்சு வாய்கிட்டக் காட்டும். அவ்வளவுதான்."

"இதை நீங்களே வச்சுக்கிறீங்களா?"

"எனக்கெதுக்கு? கோட்டோட இருக்கட்டும்."

மறுநாள் கடையில் காலைக் கூட்டம் கலைந்ததும் ஒரு நோட்டுடன் போய் உட்கார்ந்தேன். ரங்கூனை விட்டு முதலில் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டேன். மாவைக் கரைத்தபடியே அக்கா சொல்லத் தொடங்கினார்.