ஏணி கேட்ட ரம்பம்

புயல் ஊரைக் குப்புறத் தள்ளிவிட்டுப் போனது. தோப்புகளில் ஒரு மாமரம்கூட நிற்கவில்லை. மாம்பழத்தால் வயிறு வளர்த்த ஊர் மரத்தூளில் தும்ம ஆரம்பித்தது. விழுந்த மரங்களை மோப்பம் பிடித்து அறுவை மில்கள் வரிசையாக வந்திறங்கின. பழம் பறித்த ஆண்களுக்கு ரம்பம் கிடைத்தது. கூடவே பறித்த பெண்களுக்குத் துடைப்பம்.

ஏணிக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அவள் ஏறாத கொம்பு கிடையாது, அதனால் ஒட்டிய பட்டப்பெயர். பெற்ற தாயே அசல் பெயரை யோசித்துத்தான் சொல்வாள்.

"கூட்டுறதுக்கு என்னடி குறை? நிழல்ல வேலை," என்றான் புருஷன், அரைத்தூக்கத்தில்.

"அப்ப நீங்க போய்க் கூட்டுங்க."

நேரே மில் மேஸ்திரியிடம் போனாள். "எனக்கு ரம்பம் குடுங்க."

"பொம்பளை ரம்பத்துல கை வச்சா எனக்கு நெஞ்சு வலிக்கும்மா."

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா உக்காருங்க. உச்சிக்கொம்புல ஒத்தக்கால்ல நின்னவ நான். இது தரையிலதானே ஓடுது?"

நச்சரிப்பு தாங்காமல், விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்றும் நினைத்து, மேஸ்திரி ஒரு மரத்தைக் கொடுத்தார். பாதி மரம் வெண்ணெயாக வழுக்கிப் போனது. பிறகு 'டங்'! பிளேடு அறுந்து சுவரில் அடித்தது. மேஸ்திரி நிஜமாகவே நெஞ்சைப் பிடித்தார்.

மரத்துக்குள் ஒரு துருப்பிடித்த ஆணி. கூடை மாட்ட, பறிப்பவர்கள் மரத்துக்கு மரம் அடித்து வைத்தது. வளர்ந்த மரம் அதை விழுங்கிவிட்டது. கூடை நழுவாதபடி ஆணியின் தலை மேலே வளைக்கப்பட்டிருந்தது. அப்படி வளைப்பவள் ஏணி ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

"நான் அடிச்ச ஆணிதான்," என்றாள்.

"வெளியே போ!"

"போறேன். ஆனா அங்க கிடக்குற மரம் பூராத்துலயும் எங்க ஆணி இருக்கு. உங்க ஆம்பளைங்க அறுத்தாலும் டங்குதான். எங்க இருக்குன்னு நான் தடவியே சொல்லிடுவேன்."

மேஸ்திரி மரக்குவியலைப் பார்த்தார். "சரி, நீ ஆணியை மட்டும் பிடுங்கிக் குடு. மத்தவங்க அறுக்கட்டும்."

"ஆணி பிடுங்குற மரத்தை நானேதான் அறுப்பேன். முடியாதுன்னா துடைப்பத்தையும் நீங்களே வச்சுக்கங்க."

கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் பின்னால் நின்றார்கள். தும்மினார்கள், அவ்வளவுதான்.

"புது பிளேடு மாட்டுங்கடா!" என்று மேஸ்திரி யாரையோ திட்டுவதுபோலக் கத்தினார். பிறகு குரல் இறங்கி, "கண்ணுக்குக் கண்ணாடியாவது போட்டுக்கம்மா."

கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. அதை நூலால் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு, குறடும் கையுமாக ஏணி அடுத்த மரத்தைத் தடவ ஆரம்பித்தாள்.