பனி தாங்கும் என்று வாங்கிய டென்ட்

டென்ட் வந்த பெட்டியில் எடை ஒன்றேகால் கிலோ என்று போட்டிருந்தது. நான் கணக்கு டீச்சராக வேலை பார்க்கும் மிஷன் பள்ளியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதுகில் தூக்கி வரும் பை அதைப்போல் நாலு மடங்கு கனக்கும். இவ்வளவு லேசாக எப்படித்தான் செய்தார்களோ என்று வியந்துகொண்டே பிரித்தேன். பிரித்த பிறகுதான் சூட்சுமம் தெரிந்தது. துணி இருந்தது, கயிறு இருந்தது, பென்சில் பருமனில் கொஞ்சம் முளைகள் இருந்தன. நடுவில் நிறுத்துகிற கம்பைக் காணோம்.

கடைக்கு போன் போட்டேன். விற்ற தம்பி கொஞ்சமும் பதறவில்லை.

"கம்பு வராதுக்கா. மலையில ஊணி நடக்குறதுக்குக் குச்சி வச்சிருப்பீங்கள்ல, அதையே நடுவுல நிப்பாட்டிக்கணும். அதான் வெயிட்டு கம்மி."

கதவு ஜன்னலைக் கழற்றிவிட்டு விற்றால் எங்கள் வீடுகூட லேசாகத்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் ஒட்டடைக் கம்பின் தலையைக் கழற்றி, அளவாக வெட்டி நிறுத்தினேன். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் எனக்கு வருடம் முழுக்க அடங்கவில்லை.

இந்த வயதில் எனக்கு எதற்கு டென்ட் என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் டிரில் மிஸ்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒவ்வொரு மே மாத விடுமுறையிலும் பெண்களாகச் சேர்த்துக்கொண்டு வடக்கே பனிமலைக்கு நடக்கக் கூட்டிப் போவார். ஒரு வாரம் நடை. அவரவர் டென்ட்டை அவரவர்தான் சுமக்க வேண்டும். அவர் திரும்பி வந்து கதை சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கல்யாணம், பிள்ளை, விடைத்தாள் என்றே காலம் ஓடிவிட்டது. மகனும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அடுத்த வருட மே மாதம் நானும் வருகிறேன் என்று சொல்லி, எந்த டென்ட் என்று அவரிடம் கேட்காமல் நானாகவே ஒன்றை வாங்கியும்விட்டேன். டிசம்பர் முடிவதற்குள் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றார்.

என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"தாராளமா போ. ஆனா அதுக்கு முன்னாடி அந்த டென்ட்டுல ஒரு ராத்திரி முழுசா நனையாம கொள்ளாம தூங்கிக் காட்டு. நம்ம ஆனையூர்லயே தாங்கலைன்னா அங்க எப்படித் தாங்கும்?"

எனக்கு அது நியாயமாகப்பட்டது. நிரூபித்துக் காட்டு என்று நானே தினமும் பிள்ளைகளிடம் சொல்கிறவள். சரி என்றேன்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டேன். தளத்தில் முளை அடிக்க முடியாது என்பதால் கயிறுகளைச் செங்கல்லில் கட்டினேன். அந்த டென்ட்டுக்கு இரண்டு தோல். உள்ளே கொசுவலை, மேலே மழைத்துணி. மேல்துணியை எடுத்துவிட்டால் காற்று நன்றாக வரும். ஆனால் எங்கள் தெருவில் வெயில் காலத்தில் எல்லா மாடியிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். வலைக்குள் மீன் மாதிரி ஒரு டீச்சர் படுத்துக் கிடப்பதை ஊரே பார்ப்பதா? மேல்துணியை இழுத்து மூடினேன். பகல் முழுக்கக் காய்ந்த தளம் கீழேயிருந்து சுட்டது, துணி மேலேயிருந்து புழுங்கியது. பக்கத்து மாடி அண்ணன் வேறு குரல் கொடுத்தார்.

"என்ன டீச்சர், உள்ள இட்லி அவிக்கிறீங்களா?"

ஊர் அடங்குவதற்குள் எழுந்து கீழே போய் மின்விசிறிக்கு அடியில் படுத்துவிட்டேன். என் கணவர் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

ஆடி மாதம் இன்னும் மோசம். காற்றைத் தாங்குகிறதா என்று பார்க்கலாமே என்று சாயங்காலமே போட்டு, ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியின் காலிலும் மறுபக்கம் மோட்டார் குழாயிலும் கட்டினேன். விளக்கமாறு எடுக்கக் கீழே போய் வருவதற்குள் டென்ட் மாடியில் இல்லை. ஒட்டடைக் கம்பு மட்டும் அனாதையாகக் கிடந்தது. பக்கத்து மாடி அண்ணனின் டிஷ் ஆன்டெனாவில் போய் டென்ட் மாட்டிக்கொண்டு படபடத்தது. அவர் வீட்டில் எல்லோரும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்த தொடர் அதோடு நின்றுபோனது. நான் போய் மன்னிப்புக் கேட்டு அவிழ்த்து வந்தேன்.

"நீ உள்ள இருந்திருந்தா என்னாகியிருக்கும்?" என்றார் என் கணவர்.

"நான் உள்ள இருந்திருந்தா அது எதுக்குப் பறக்குது? என் வெயிட்டு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு பக்கம் முடிச்சு அவிழ்ந்து, மறுபக்கம் துணியில் கயிறு கோக்கும் காது கிழிந்திருந்தது. அதை நான் பாவாடை நாடா வைத்துத் தைத்தேன்.

மழையில்தான் டென்ட்டுக்கு மரியாதை கிடைக்கும் என்று நம்பினேன். ஐப்பசியில், என்னோடு வேலை பார்க்கும் தமிழ் டீச்சருக்குச் சமயநல்லூர் பக்கம் இருக்கும் தென்னந்தோப்பில் இடம் கேட்டேன். மண் தரை, முளை அடிக்கலாம். ஆனால் வேலி முழுக்கச் சீமைக்கருவேலம். ஆடு நுழையாமல் அடைக்க வெட்டிப்போட்ட முள் தோப்புக்குள்ளும் கிடந்தது. டென்ட்டின் அடித்துணி வெங்காயச் சருகு மாதிரி. ஒரு முள் போதும். அதனால் அடியில் விரிக்க மோட்டார் ரூமில் கிடந்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை எடுத்தோம். யாரோ ஒரு பிள்ளையின் காதணி விழா பேனர். தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். மதுரைக்காரர்களுக்கு எதற்கும் ஃபிளெக்ஸ்தான். கூரை ஒழுகினாலும் ஃபிளெக்ஸ், வண்டியை மூடவும் ஃபிளெக்ஸ். தாராளமாக இருக்கட்டும் என்று டென்ட்டுக்கு வெளியேயும் நாலு பக்கமும் இரண்டடி நீட்டி விரித்தேன்.

மழை பிடித்தது. சும்மா சொல்லக் கூடாது, மேலே ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து வெற்றிச் சிரிப்பு சிரித்தேன். துணைக்கு வந்து மோட்டார் ரூமில் இருந்த என் கணவருக்கு, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் படுக்கை அசைந்தது. டென்ட்டின் மேல் விழுந்த மழையெல்லாம் வழிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பேனரில் இறங்கி, போக வழியில்லாமல் எனக்கு அடியில் வந்து தேங்கிவிட்டது. பேனரைச் சிறிதாக விரித்திருந்தால் மண் குடித்திருக்கும். நான் குளத்தின் மேல் படுத்திருந்தேன். அடித்துணி வழியாகத் தண்ணீர் கசிந்து சேலை நனைந்து, தாய்மாமன்கள் மேல் மிதந்து கிடந்தேன். அழுகை அழுகையாக வந்தது. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் அந்த டென்ட்டை ஓங்கி ஒரு உதை விட்டேன்.

பிறகு மார்கழி. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. டிரில் மிஸ் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இது போனால் வேறு வாய்ப்பு இல்லை. இருந்தாலும் எனக்குத் தைரியம் இருந்தது. வாங்குவதற்கு முன்பே அந்தக் கடைத் தம்பியிடம், "பனி தாங்குமா?" என்று தெளிவாகக் கேட்டிருந்தேன். "தாராளமா தாங்கும்க்கா" என்று அவரும் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

வெயில் இல்லை, காற்று இல்லை, மழை இல்லை. மாடியில் டென்ட்டைப் போட்டு, குளிர் உள்ளே வராமல் ஜிப்பையெல்லாம் இறுக இழுத்துவிட்டு, போர்வைக்குள் சுருண்டேன். என் கணவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெளியே கட்டிலில் படுத்தார். அதற்குப் பிறகு கோயில் பாட்டுச் சத்தம் கேட்டுத்தான் கண்விழித்தேன். விடிந்திருந்தது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டேன்! சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்தேன். தலை வலையைத் தள்ளிக்கொண்டு மேல்துணியில் இடித்தது. சடசடவென்று தண்ணீர் என் தலையிலும் போர்வையிலும் கொட்டியது. தடவிப் பார்த்தேன். உட்பக்கம் முழுக்க நீர் கோத்திருந்தது. போர்வை ஏற்கெனவே ஈரம்.

நனைந்த தலையோடு ஜிப்பைத் திறந்து வெளியே வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டேன்ல?" என்றேன்.

"நனைஞ்சிருக்கியே" என்றார்.

ஆத்திரம் தாங்காமல், கடை திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்து போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பனி தாங்கும் என்று சொல்லிவிட்டு இப்படிக் கழுத்தறுக்கலாமா என்று கேட்டேன்.

"அக்கா, நீங்க எந்தப் பனியக் கேட்டீங்க?"

"எந்தப் பனின்னா? மலையில கொட்டுமே, அந்தப் பனிதான்."

"அய்யோ, ஐஸ் பனியா? அதுக்கு இது ஆகாதேக்கா! நான் நம்மூரு மார்கழிப் பனின்னுல்ல நெனச்சேன்."

"நம்மூரு பனிக்கே நான் தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன் தம்பி."

"அது பனியில்லக்கா. உங்க மூச்சு. காத்துப் போக வழியில்லாம மூடுனா, விடுற மூச்சு துணியில பட்டுத் தண்ணியாயிரும். மேல ரெண்டு ஜன்னல் இருக்கும் பாருங்க, தொறந்து வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

ஒரு சொல்லில் இரண்டு பனி இருப்பது, இத்தனை வருடம் பேசிவந்த பாஷையில் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. கேட்ட எனக்கும் தெரியவில்லை, சொன்ன அவருக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"கேட்டீங்கள்ல? ஒழுகல. வெறும் மூச்சு."

"மலைக்குப் போனா மூச்சு விடமாட்டியா? அதுவும் ஐஸ் பனிக்கு ஆகாதுன்னு அவனே சொல்லிட்டான்."

எனக்குள் ஏதோ அறுந்துபோனது. "சரி. இது வேணாம். இதைத் தூக்கிப் போட்டுருவோம். ஐஸ் பனி தாங்குற டென்ட்டா, ஒரு சொட்டு உள்ள வராததா, நல்லதா ஒண்ணு வாங்குறேன். அப்ப விடுவீங்களா?"

அவர் மப்ளரை அவிழ்த்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"சொல்லுங்க. விடுவீங்களா?"

"அதுலயும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்" என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணக்கில் ஒரு வருடமாக நான் தப்பான பக்கத்தில் விடை தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்ப டென்ட்டு இல்ல பிரச்சினை."

அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்து மாடியைப் பார்த்துச் சொன்னார். "நீ அங்க போயி ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்கிட்டு வந்து தேடுவேன்? பயலும் இங்க இல்ல. உன்னையப் போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. டென்ட்டச் சொல்றது லேசா இருந்துச்சு."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று சித்திரையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். போகும் வழி, கூட வரும் ஆட்கள், தினமும் எப்படித் தகவல் சொல்வது என்று எல்லாவற்றையும் சொல்லிப் புரியவைத்திருப்பேன். அதை விட்டுவிட்டு என்னைப் புழுங்கவிட்டு, பறக்கவிட்டு, மிதக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். வாயில்லாத ஒரு துணியை நானும் வருடம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அந்தத் துணிதான் தோற்றது. நான் ஒவ்வொரு முறையும் எழுந்து, உலர்த்தி, தைத்து, மறுபடி அதற்குள் போய்ப் படுத்திருக்கிறேன். அதை மட்டும் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

தலையைக்கூடத் துவட்டாமல் டிரில் மிஸ்ஸைக் கூப்பிட்டேன். இந்த முறையும் ஸ்பீக்கரில்தான் வைத்தேன்.

"மிஸ், மே மாசத்துக்கு என் பேரைச் சேத்துக்கங்க. நான் வாரேன். டென்ட்டு மட்டும் எது வாங்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"ரொம்பச் சந்தோசம் டீச்சர்! எம்புட்டு நாளாக் காத்துக்கிட்டிருக்கேன்! வீட்டுல கேட்டுட்டீங்கள்ல?"

என் கணவர் மப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"கேக்கல மிஸ். சொல்லிட்டேன்."