பறக்கும் வீரனின் குடம்

அன்று கையிலிருந்த காமிக்ஸில் கடைசி நாலு பக்கம் இல்லை என்று தெரிந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அதற்கு வெகு முன்பே குடங்கள் வரிசை கட்டிவிடும், காவலுக்குப் பிள்ளைகள். அவர்களில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நானும் பெரியம்மா மகன் அண்ணனும்தான். மாஹிம் பழைய பேப்பர் கடையில் வாங்கிய, அட்டை போன காமிக்ஸை நான் தமிழில் சொல்வேன். என் ஆள் பறப்பான், மலையைப் பெயர்ப்பான். ஒரு வருஷம் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு அண்ணன் ஒரு முகமூடிக்காரன் காமிக்ஸைக் கொண்டுவந்தான். அவனுக்கு அடி விழும், ரத்தம் வரும்.

"உன் ஆளுக்குக் குண்டு பட்டாலும் வலிக்காது. பொறவு என்னட்டி கதை?" என்றான்.

கூட்டம் அவன் பக்கம் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியது என் தம்பி மட்டும். அவனையும் நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருந்தேன்.

இல்லாத பக்கத்தை யார் சரிபார்க்க முடியும்? தொண்டையைச் செருமி, சத்தமாக ஆரம்பித்தேன். பறக்கும் வீரனும் குழாயடியில் நிற்கிறான். அவனுக்கு முன்னால் மூன்றே குடம். அப்போது பார்த்து எங்கேயோ ஒரு ரயில் கவிழப் போகிறது.

"அரே, மத் ஜா! போவாத! போனா நம்பர் போயிரும்!" என்று அண்ணனின் முகமூடிக்காரன் கூட்டத்திலிருந்து ஒரு குரல். அத்தனை பேரும் ஓடி வந்தார்கள்.

வீரன் போனான். ரயிலை நிமிர்த்தினான். திரும்பி வந்தால் அவன் குடம் வரிசைக்கு வெளியே கிடந்தது.

"எவம்ல தள்ளி வச்சது?" என்று ஒரு பயல் அடிக்கவே எழுந்துவிட்டான்.

அண்ணன் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். "இதுல குடமே இல்லையே!"

"கிழிஞ்ச பக்கத்துல இருக்கு."

"சரி, மேல சொல்லு," என்று அவனும் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

முதுகுக்குப் பின்னாலிருந்து, "அவன் குடத்தை ஒருத்தருமே எடுத்து வைக்கலியாட்டி?" என்று கேட்டது சித்தி. காமிக்ஸ் படித்தால் பிள்ளை உருப்படாது என்று சொல்லும் அதே சித்தி, இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றாள்.

அதற்குள் தண்ணீர் வந்து, பக்கத்துச் சந்துக்காரர்கள் எங்கள் குடங்களைத் தாண்டிப் பிடித்துக்கொண்டு போய், குழாயும் நின்றிருந்தது.

"குழாயில வெறும் காத்துதான்க்கா வந்துச்சு," என்று வீட்டில் அம்மாவிடம் சித்தி கூசாமல் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள், பிறகு என் காதருகே குனிந்து, "நாளைக்கு மிச்சம் உண்டுல்லா?" என்று ஏன் கேட்டாள் என்பதெல்லாம் அன்று எனக்குப் புரியவில்லை. ஜெயித்த மிதப்பில் இருந்தேன். அடுத்த யோசனையும் வந்துவிட்டது: நாளைக்கு ரயிலைத் தூக்கப்போவது அவன் இல்லை, இடுப்பில் காலிக் குடத்தோடு பறந்து வரும் ஒருத்தி.