கெவினின் கொள்கை அறிக்கை எங்கள் குசினியில் அச்சான கதை

ஆஸ்திரேலியாவில் வெஸ்ட்மீட்டுக்குக் குடிவந்த புதிதில், புதன்கிழமைகளில் எங்கள் குப்பைத்தொட்டி தானாக வீடு திரும்பியது. ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலைக்கு ஓடும் அவசரத்தில் தெருவோரம் விட்டுப்போன தொட்டி, மாலையில் வந்து பார்த்தால் கராஜ் சுவரோரம் மூடியோடு ஒழுங்காக நிற்கும். மாநகரசபையின் சேவை என்றே பல மாதங்கள் நம்பியிருந்தேன். ஊருக்கு எழுதிய கடிதத்தில் இந்த நாட்டு நிர்வாகத்தைப் புகழ்ந்து தள்ளியும் விட்டேன். பிறகொரு நாள் லீவில் நின்றபோதுதான், பக்கத்து வீட்டுக் கெவின் அரைக்காற்சட்டையும் ரப்பர் செருப்புமாக எங்கள் தொட்டியை இழுத்துக்கொண்டு வருவதைக் கண்டேன். ஓடிப்போய் நன்றி சொன்னேன். "எதற்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டார்.

இந்தக் கெவின்தான், தொண்ணூறுகளின் பிற்பகுதியில், எங்களைப் போன்றவர்களை இனி நாட்டுக்குள் விடக்கூடாது என்று சொல்லும் ஒரு தேசியவாதக் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

ஏன் சேர்ந்தார் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அவரும் என் கணவர் சிவராசாவும் துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை செய்தார்கள். கெவின் அங்கே இளமை முழுவதையும் கழித்தவர். கம்பனி, இயந்திரங்களைக் கழற்றிக் கப்பலேற்றி வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டியது. அந்த இயந்திரங்களைப் பெட்டிகளில் அடைக்கும் வேலையையும் இவர்களிடமே கொடுத்தார்கள். அதே காலத்தில் கெவினின் மகள் வாடகை கட்ட முடியாமல், இரண்டு பிள்ளைகளோடு தகப்பன் வீட்டுக் கராஜுக்கே வந்துவிட்டாள். மனிதர் புல் வெட்டும்போதுகூடத் தனக்குள் முணுமுணுக்கத் தொடங்கினார். அப்போது யாரோ அவரைக் கூட்டமொன்றுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வரும்போது அவர் எங்கள் பகுதிக் கிளையின் செயலாளர்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கையெழுத்தில் நிறைந்த நாலைந்து தாள்களோடு வந்தார். உங்களிடம் கொம்பியூட்டர் இருக்கிறதே, இதைக் கொஞ்சம் அழகாக அடித்துத் தருவாயா சிவா என்று கேட்டார். என் கணவரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஊரில் அவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். இந்த நாட்டில் யாரும் அவரிடம் ஒரு வரியைத் தட்டச்சுச் செய்து தரும்படி கேட்டதில்லை. மேசையைத் துடைத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், என்னிடம் தேநீர் கேட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கெவின் குசினிக் கதிரையில் உட்கார்ந்து வாசிக்க வாசிக்க, இவர் தட்டினார். ஆஸ்திரேலியச் சட்டத்துக்கு மேலே வெளிநாட்டு ஒப்பந்தம் எதுவும் இருக்கக்கூடாது. துறைமுகங்களையும் பண்ணைகளையும் அந்நியருக்கு விற்கக்கூடாது. விற்றுப்போன மின்சாரத்தையும் தண்ணீரையும் திரும்ப வாங்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம் இங்கேயே செய்ய வேண்டும். அது கெவின் தானாகச் சேர்த்தது. இளம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வீடு. பெற்றோல் வரிக் குறைப்பு. ஒவ்வொன்றுக்கும் என் கணவர் தலையாட்டிக்கொண்டே தட்டினார். அடுப்படியில் நின்ற நானும் ஆட்டினேன். எங்களுக்கும் வீட்டுக்கடன் கழுத்தை நெரித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு கடைசி அம்சம் வந்தது. ஒவ்வொரு குடிமகனுக்கும் வேலையும் வீடும் கிடைக்கும்வரை குடிவரவு நிறுத்தப்படும். உறவினரை அழைப்பதும் நிறுத்தப்படும்.

அந்த நேரத்தில் என் கணவரின் தங்கை தவம் கொழும்பில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தாள். புருஷனை இழந்தவள். நாங்கள் அனுப்பிய ஸ்பொன்சர் விண்ணப்பத்தின் பதிலுக்காக, தபால்காரனின் மணிக்குக் காது கொடுத்து இருந்தாள். அதெல்லாம் தெரிந்த மனிதர், அந்த வரியையும் ஒரு பிழையுமில்லாமல் தட்டி முடித்தார்.

"இஞ்சருங்கோ, உங்கட தங்கச்சிக்கு நீங்களே கதவைப் பூட்டுறியளோ?" என்று தமிழில் கேட்டேன்.

"அவர் சொல்லுறதை நான் வெட்டேலாதப்பா. தந்ததை ரைப் பண்ணுறதுதான் என்ர வேலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படித்தான் கச்சேரியிலும் இருந்தார். சிங்களப் பரீட்சையில் தேறாதவர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை என்ற சுற்றறிக்கை வந்தபோது, அதைப் பிரதிகள் எடுத்து மேசைக்கு மேசை கொடுத்தவர் இவர்தான். ஒரு பிரதி தனக்கும். அந்த வருடம் அவருக்கு உயர்வு கிடைக்கவில்லை. ஆனால் சுற்றறிக்கையின் ஓரங்கள் நேராக இருந்தன என்று எனக்குச் சொன்னார்.

என் குரல் உயர்ந்ததைக் கண்டு கெவின் என்னவென்று கேட்டார். கணவர் தவத்தைப் பற்றிச் சொன்னார். கெவின் உடனே கையை வீசினார். "அது உங்களைப் பற்றியதே இல்லை, மேட். உன் தங்கையையும் பற்றியதில்லை. நீங்கள் வேறு."

என் கணவர் விசைப்பலகையில் விரல்களை வைத்தார். "அப்படியென்றால் அதை எங்கே சேர்க்கட்டும்? இதே பந்தியிலா, கீழே தனி வரியிலா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. இருபது வருடம் கச்சேரியில் இருந்தவருக்கு, விதிவிலக்கு என்று ஒன்று இருந்தால் அது தாளில் இருக்க வேண்டும். கெவின் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு, "மேலிடம் சொன்னதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, சிவா" என்றார். கணவர் தலையாட்டிவிட்டு அச்சுப்பொறியைப் போட்டார்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் என் கணவரைத் திட்டக்கூடும். நானும் திட்டினேன். ஆனால் பிறகு யோசித்தபோது ஒன்று பட்டது. கச்சேரியில் அந்தச் சுற்றறிக்கையை எழுதியவனிடம், அப்போ நான் எங்கே என்று கேட்க இவருக்கு வழியே இருக்கவில்லை. எழுதியவன் எங்கோ தலைநகரத்தில் இருந்தான். இங்கே அந்த ஆள் எங்கள் குசினியில், எங்கள் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்க முடிந்தது. பதில் மட்டும், ஊரில் கேட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அதுவாகவே இருந்தது.

கெவினுக்கு வடை கொடுத்தனுப்புவதை நிறுத்தினேன். தொட்டி மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. அடுத்த வருடம் தவம் வந்து சேர்ந்துவிட்டாள், அந்தக் குழு எங்கள் தொகுதியில் வெல்லவுமில்லை என்று இப்போது இலேசாகச் சொல்லலாம். தேர்தலன்று எங்களுக்கு இரண்டுமே தெரியாது.

அன்று சனிக்கிழமை. வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்தின் வாசலில் சொசேஜ் பொரியும் மணம். பெரிய கட்சிக்காரர்கள் குடையும் கதிரையுமாகக் கூட்டமாக நின்றார்கள். கெவின் வெயிலில் தனியாக நின்றார். அவருடைய தாளில் ஒரு பக்கம் வாக்களிக்கும் முறை, மறுபக்கம் என் கணவர் தட்டிய கொள்கை. வருகிற எல்லோருக்கும் நீட்டினார். நாங்கள் கிட்டப் போனதும் கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"எனக்கும் ஒன்று தாருங்கள், கெவின்" என்று கணவர் கையை நீட்டினார்.

"உனக்கு உள்ளே இருப்பது தெரியுமே, சிவா."

"தெரியும். எல்லோருக்கும் கொடுக்கிறீர்கள் அல்லவா?"

கெவின் கொடுத்தார். கணவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கெவின் தராமல் விட நினைத்தது எங்கள் மேலிருந்த அன்பினால்தான் என்று எனக்கு விளங்கியது. அதுதான் எனக்கு வலித்தது. அந்த வாசலில் அன்று அவருக்கு வாக்காளராகத் தெரியாதவர்கள் நாங்கள் இருவர்தான்.

இந்த நாட்டில் வாக்குச்சீட்டில் எல்லாப் பெட்டிகளுக்கும் விருப்ப வரிசைப்படி எண் போட்டாக வேண்டும். பென்சிலை அழுத்திப் பிடித்து, கெவினின் ஆட்களுக்குக் கடைசி எண்ணைப் போட்டேன். மனம் ஆறிப்போனது.

வெளியே வந்தால் கணவர் யாரோ பழைய தொழிற்சாலைக்காரனோடு கதையில் நிற்கிறார். கெவினின் முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்து, இங்கே எந்தப் பெண்ணையும் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். "லவ், இதை ஒரு நிமிடம் பிடி. காலையிலிருந்து டொய்லெட் போகவில்லை." நான் வாயைத் திறப்பதற்குள் தாள் கட்டு என் கையில் இருந்தது. கெவின் பள்ளிக்கூடத்துக்குள் மறைந்துவிட்டார். எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் செய்யக்கூடியதுதான்.

கோயிலில் காணும் ஒரு தமிழ்த் தம்பதி எதிரே வந்தார்கள். "அங்க பாருங்கோ, ஆய்வுகூட அன்ரி" என்று அந்தப் பெண் புருஷனின் முழங்கையை இடித்தாள். நான் சிரிக்க முயன்றேன். அவர்கள் வேறு வாசலால் போனார்கள். பின்னால் பொல்லூன்றி வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என் முன் நின்று கையை நீட்டினார். நீட்டிய கையை வெறுமையாக விடப் பழகாதவள் நான். கொடுத்துவிட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கள் இவர்களோடா?"

"இல்லை" என்றேன். "கெவின் எங்கள் பக்கத்து வீடு."

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அப்போது காற்று அடித்தது. மேல் தாள்கள் படபடத்துக் கிளம்பப் பார்த்தன. என்னைப் போன்றவர்கள் இனி வரக்கூடாது என்று சொல்லும் அந்தத் தாள்களை, ஒன்றுகூடப் பறந்துவிடாமல் இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கெவின் வரும் வழியைப் பார்த்து நின்றேன்.