கச்சான் பையில் என் கையெழுத்து

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல் என் முழுப்பெயரையும் சொல்லி, "அக்கா, உங்கட ஐடென்டிகார்ட் கொப்பி என்ட கையில இருக்கு" என்றது.

மோசடிக்காரர்களைப் பற்றி வட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைகளை ஒன்று விடாமல் உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பவள் நான். விடுவேனா? "பொலிசில பிடிச்சுக் குடுப்பன்!" என்று தொடங்கி, மூச்சு விடாமல் ஏசினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் உங்களிட்ட ஒண்டுமே கேக்கேல்லையே அக்கா. கொட்டாஞ்சேனைக் கோயில் திருவிழாவில கச்சான் கடலை வாங்கினன். பழைய பேப்பரில ஒட்டின பையில உங்கட படம், இன்னொரு பையில உங்கட போன் நம்பர். படத்திலயும் இப்பிடித்தான் கோவமா இருக்கிறீங்க."

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்காக, விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒருவரிடம் கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். மொத்தம் ஆறு தாள்கள். அவர் அலுவலகத்தை மூடியபோது கோப்புகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த ஆறு தாள்களும் பொல்லாதவன் ஒருவன் கையில் சிக்கினால், நானாகவே நடித்து என் பெயரில் சிம்மும் எடுப்பான், கடனும் எடுப்பான்.

கணவரையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் பறந்தேன். கோயில் வாசலில் கச்சான் வண்டிக்குப் பக்கத்தில் அவள் குடும்பத்தோடு நின்றாள். வெறும் பைகளைத் தர வண்டிக்காரர் சம்மதிக்கவில்லையாம். பை முடிந்தால் அவருக்கு அன்றைய வியாபாரமும் முடிந்தது அல்லவா? ஆகவே என் பெயர் தெரிந்த பைகளையெல்லாம் தேடிப் பொறுக்கி, கச்சானோடு வாங்கியிருந்தாள். எல்லோர் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

"இனி ஒரு மாசத்துக்கு எங்கட வீட்டில கச்சான் எண்ட பேச்சே எடுக்க ஏலாது" என்றார் அவள் கணவர்.

ஐந்து தாள்கள் கிடைத்துவிட்டன. வங்கிக் கணக்கு இலக்கமும் கையெழுத்தும் இருந்த ஆறாவது தாளை மட்டும் காணவில்லை. என் முகத்தைப் பார்த்த வண்டிக்காரர் மனமிரங்கி, மிச்சப் பைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். இல்லை. வெட்கத்தை விட்டு, வருவோர் போவோர் கையில் இருந்த பைகளையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறுதல் சொல்வாரே என்று கணவரைத் தேடினால், மனிதர் வந்து இறங்கியதும் ஒரு பை வாங்கி, ஓரமாக நின்று கொறித்துக்கொண்டிருந்தார். அவர் பெருவிரலுக்குக் கீழே என் கையெழுத்து!

"பசிச்சது, வாங்கினனான்" என்றார்.

அங்கே எழுந்த சிரிப்பில் கோயில் மேளமே கேட்கவில்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்து, ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல அக்கா, உங்கட வயசை ஆருக்கும் சொல்ல மாட்டன்" என்று காதில் சொன்னாள்.

தாள்கள் கிடைத்துவிட்டன என்று சும்மா இருக்கவில்லை. இடையில் யார் பார்த்தார்களோ, படம் பிடித்தார்களோ? திங்கட்கிழமையே வங்கிக்குச் சொல்லிக் கையெழுத்தை மாற்றினேன். என் பெயரில் வேறு சிம் இருக்கிறதா என்று விசாரித்தேன். பொலிசில் ஒரு முறைப்பாடும் எழுதிவைத்தேன். இப்போதெல்லாம் கேட்ட பிரதியை மட்டும்தான் கொடுக்கிறேன். அதுவும் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று குறுக்கே பெரிதாக எழுதித்தான்.

கச்சானைத் தின்றுவிட்டு அந்தப் பையைக் கசக்கி எறிய அவளுக்கு ஒரு நொடி போதும். முன்பின் தெரியாத ஒருத்தி, என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, திருவிழாப் பொழுது முழுவதும் கச்சான் தின்று தின்றே என் பெயரைக் காப்பாற்றித் தந்ததை நினைத்தால், எனக்கு இன்றும் முதலில் சிரிப்பு வரும், பிறகு கண் நிறையும்.