நோன்பும் என் தொடையும்

சீர்காழிக் கடைத்தெருவில் எனக்கு அரிசிக் கடை. நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. சர்க்கரைக்கு மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்கிற எல்லையில் இருந்தேன். போன வருஷம் ரமலான் வந்தபோது பேராசை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் பட்டினி, கூடவே இறைச்சி, முட்டையையும் தள்ளிவிட்டால் தொப்பை பாதியாகிவிடும் என்று நம்பினேன். சாயங்காலம் நோன்புக் கஞ்சி, விடியுமுன் சஹருக்கு ரசம் சோறு. தட்டில் முட்டை வைத்த மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

எடை குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். கடைசி வாரம் பள்ளிவாசலில் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவன், எழ முடியாமல் தவித்தேன். பக்கத்தில் இருந்தவர் தூக்கிவிட்டார். பெருநாள் தொழுகைக்கு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐம்பது வயதில் அது பெரிய வெட்கம்.

பெருநாள் முடிந்ததும் போய்ப் பார்த்த டாக்டரம்மா, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னார். முடியவில்லை.

"சாப்பாடு நின்னா ஈரல்ல சேத்து வச்ச சர்க்கரை முதல்ல தீரும் பாய். அப்புறம் கொழுப்பு கரையும். மூளைக்குச் சர்க்கரை வேணும்னு உடம்பு தசையில இருக்கிற புரதத்தையும் கொஞ்சம் உடைச்சு எடுத்துக்கும்."

"அதான் இவ்வளவு கொழுப்பு இருக்கே டாக்டர்?"

"அதனாலதான் தசை மெதுவா போயிருக்கு. ஆனா பகல்ல போனதைச் சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்ல? நீங்க மாசம் பூரா முட்டை, கறி இல்லாம கஞ்சியிலேயே ஓட்டியிருக்கீங்க. அதான் தொடையில வலு போச்சு."

தப்பு செய்தது வயிறு, தண்டனை தொடைக்கு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இந்த வருஷம் அவர் சொன்னபடி நடந்தேன். சஹருக்கு இரண்டு முட்டை, மீன். நோன்பு திறந்ததும் சுண்டல், கோழி. கஞ்சி ஒரு கிண்ணத்தோடு சரி. சமோசா பக்கம் திரும்பவில்லை. கடையில் தினமும் ஸ்டூலிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"என்ன பாய், உக்காரவும் முடியலை, நிக்கவும் முடியலையா?" என்று கடைக்கு வந்தவர்கள் கிண்டல் செய்தார்கள்.

"போன வருஷம் இந்த முட்டைக்குத்தானே என்னைக் கடிச்சீங்க?" என்றாள் மனைவி. இரண்டாவது முட்டையை எடுத்துக்கொண்டேன். எடை அவ்வளவாக இறங்கவில்லை. ஆனாலும் மனசு நிறைவாக இருந்தது.

பெருநாள் காலையில் பள்ளிவாசல் ஓரத்தில் எனக்காக யாரோ நாற்காலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றேன். சஜ்தாவிலிருந்து எழும்போது கால் நடுங்கியது.

வீட்டுக்குத் திரும்பினேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். பெருநாள் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.

"எந்திரிச்சீங்களா?"

"எந்திரிச்சேன்" என்றேன்.