நூற்றெழுபதாம் விநாடி

அப்பா குளியல் தொட்டியில் இறங்கினால் தொண்ணூறு வரை எண்ணுவார், எழுந்துவிடுவார். வெந்நீர் எவ்வளவு இதமாக இருந்தாலும் தொண்ணூற்றொன்று கிடையாது. ஜப்பானில், எங்கள் வக்காசா கடற்கரையில், அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற வீடுகளில் இது யாருக்கும் விசித்திரமில்லை.

அப்பா, ஹதகேயாமா இசாவோ, ஒப்பந்தத் தொழிலாளி. உலையில் சூடான நீர் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் ஓடும். வெளியே நிற்கும் வேறு நீரை அது கொதிக்க வைக்கும். அந்த நீராவி சுழற்றும் சக்கரத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. கதிரியக்க நீரை அந்தப் பக்கம் போகாமல் தடுப்பது குழாயின் மெல்லிய சுவர் மட்டுமே. உலையை நிறுத்திய நாட்களில், பழுதான குழாய்களை அடைப்பது அப்பாவின் வேலை. குறுகிய துளை வழியே நுழைந்து, தொண்ணூறு விநாடியில் வெளியே வரவேண்டும்.

நெஞ்சில் மாட்டிய கருவி, உடல் வாங்கிய கதிர்வீச்சைப் பதியும். அன்றைய அளவு மீறினால் அலறும். ஆண்டு அளவு தீர்ந்தால், புதுக் கணக்கு தொடங்கும் ஏப்ரல் வரை வேலை இல்லை. அதனால் சிலர் கருவியைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள்; பிடிபட்டால் வேலை போய்விடும். நான் பல்கலைக்கழகம் சேரவிருந்த ஆண்டு, அப்பாவின் ஆண்டு அளவில் மிச்சம் மிகக் கொஞ்சம்.

"பிடிங்கண்ணே" என்று கருவியைக் கழற்றித் துணையாள் மொரிவாகியிடம் நீட்டினார்.

"நான் என்ன உனக்குச் சட்டை மாட்டுற ஆணியா?"

"ஒரே ஒரு குழாய்ண்ணே. பொண்ணு காலேஜ் போறா."

"போய்த் தொலை. சத்தமா எண்ணுறேன், காதுல போட்டுக்க."

நாற்பதில் அடைப்பான் இறுகியது. அறுபதில் முகமூடியின் காற்றுக்குழாய் ஒரு விளிம்பில் சிக்கி மடங்கியது. அப்பாவுக்கு மூச்சு வரவில்லை.

"தொண்ணூறு! டேய் இசாவோ, வாடா வெளியே!"

மொரிவாகியின் முறை காலையிலேயே முடிந்து, அன்றைய அளவும் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. அப்பாவின் கருவியைக் கம்பியில் தொங்கவிட்டு, அவர் உள்ளே புகுந்தார். அவர் நெஞ்சில் இருந்த கருவி அலறத் தொடங்கியது. கம்பியில் தொங்கியது மௌனமாக இருந்தது. அப்பாவை இழுத்துப் போட்டபோது நூற்றெழுபது.

"முறை முடிஞ்சும் ஏன்யா உள்ள போனே?" என்றார் அலறல் கேட்டு வந்த மேற்பார்வையாளர்.

மொரிவாகி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"சும்மா எட்டிப் பார்த்தேங்க."

அவரை அன்றே அனுப்பிவிட்டார்கள். அறிக்கையில் சாட்சியாக அப்பா கையெழுத்திட்டார். நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன்.

இதையெல்லாம் அப்பா கடைசிப் படுக்கையில்தான் சொன்னார். பிறகு சுருகா நகரில் மொரிவாகியைத் தேடிப் போய், எனக்கு எல்லாம் தெரியும் என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சு என்னம்மா? அந்தத் தாள்ல என் பேருக்கு நேரா 'அஜாக்கிரதை'னு இருக்கு. கையெழுத்துப் போட்டவன் வந்து மாத்தட்டும்."

அப்பா இறந்து, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.